ஒன்பது மணி மாத்திரை

நீரிழிவு என்ற சொல்லை ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அதில் எங்கேயாவது சர்க்கரை இருக்கிறதா? நீர் இருக்கிறது, இழிவு இருக்கிறது. இழிதல் என்றால் இறங்குதல், வழிந்து போதல். உடம்பிலிருந்து நீர் இறங்கிப் போய்க்கொண்டே இருக்கும் நோய், அவ்வளவுதான். சர்க்கரை பின்னால் வந்து அந்தப் பெயரை முழுசாக எழுதி வாங்கிக்கொண்டது.

டாக்டர்கள் பக்கமும் கிட்டத்தட்ட இதே கதைதான். டயாபடீஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஊடே கடந்து போவது என்று பொருள். போகிற நீர் இனித்தால் மெலிட்டஸ், அதாவது தேன் மாதிரி. சப்பென்று இருந்தால் இன்சிபிடஸ், சுவை இல்லாதது. ஆமாங்க, அந்தக் காலத்தில் சுவைத்துத்தான் பார்த்தார்கள். முகம் சுளிக்காதீங்க, அப்போ வேறு லேப் டெஸ்ட் கிடையாது.

என் தம்பிக்கு இருப்பது இரண்டாவது வகை. தினமும் காலையில் ஒரு மாத்திரை, இரவு ஒன்பது மணிக்கு ஒரு மாத்திரை. அந்த மாத்திரைக்குள் இருப்பது ஒன்பது மணிகள் கோத்த ஒரு மூலக்கூறு. இந்தக் கட்டுரை பாதி அவனைப் பற்றியது, பாதி அந்த மணிகளைப் பற்றியது. பயோடெக் என்றதும் அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிட நினைக்கும் மெக்கானிக்கல், இ.இ.இ. நண்பர்களே, கொஞ்சம் பொறுங்க. கடைசியில் உங்க சப்ஜெக்ட்டுக்குத்தான் வரப்போறேன்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். தண்ணீரின் அருமையைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வாங்குகிற வீடு. அந்த வீட்டில் எட்டு வயசுப் பையன் ஒருத்தன் ஒரு நாளைக்கு அரைக்குடத்துக்கு மேல் குடிக்க ஆரம்பித்தான். குடித்ததெல்லாம் அப்படியே வெளியே போனது. இரவில் நாலு தடவை, ஐந்து தடவை எழுந்திருப்பான். எழுந்திருக்காத அன்று பாய் நனைந்திருக்கும். வகுப்பில் அரை மணிக்கு ஒரு முறை விரலை நீட்டுகிறான் என்று பள்ளியிலிருந்து டைரியில் எழுதி அனுப்பினார்கள். அப்பத்தா முதலில் வெயில் என்றது. அப்புறம் கண்ணு பட்டுருக்கு என்று மிளகாய் சுற்றிப் போட்டது.

சர்க்கரை டெஸ்ட் எடுத்தோம், நார்மல். வீடே நிம்மதியாகக் கோயிலுக்குப் போய் வந்தது. ஆனால் தாகம் நிற்கவில்லை. பையன் எடை ஏறாமல் குச்சியாகப் போனான். கடைசியில் மதுரையில் ஒரு குழந்தைகள் ஹார்மோன் டாக்டரிடம் போனபோதுதான் இன்சிபிடஸ் என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டோம். சீட்டில் முன்பாதியில் டயாபடீஸ் என்று எழுதியிருந்ததே, அது போதாதா? சொந்தக்காரர்கள் வெந்தயம் கொண்டு வந்தார்கள், பாகற்காய் ஜூஸ் கொண்டு வந்தார்கள். அந்த வருஷ தீபாவளிக்கு அவனுக்கு அதிரசம் கிடையாது என்று பெரியத்தை ஒரே பிடிவாதம். இனிப்புக்கும் அவன் நோய்க்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று எத்தனை பேருக்குத்தான் விளக்குவது?

இப்போது விளக்குகிறேன், கேளுங்கள். உங்கள் சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடிகட்டுகிறது. பதறாதீங்க, அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. ஒன்றரை லிட்டர் போல மட்டும் வெளியே விடுகிறது. இந்த உறிஞ்சலின் கடைசிக் கட்டத்தில் ஒரு கதவு இருக்கிறது. நீர் மட்டும் நுழையக்கூடிய புரதக் கதவு, பெயர் அக்வாபோரின். அதைத் திற என்று சொல்கிற ஹார்மோன்தான் வாசோபிரசின். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரியின் பின்பக்கத்திலிருந்து வருகிறது. அது வராவிட்டால் கதவு திறக்காது, நீர் உடம்புக்குள் திரும்பாது, சிறுநீராகவே போய்விடும். தம்பிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது அந்த இடத்தில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டுமாம். அவன் படத்தில் தெரியவில்லை. ஏன் என்று கேட்டோம். நிறையக் குழந்தைகளுக்குக் காரணமே கண்டுபிடிக்க முடிவதில்லை என்றார் டாக்டர்.

வாசோபிரசின் என்ற பெயரும் ஏமாற்றுகிற பெயர்தான். ரத்தக்குழாயை இறுக்குவது என்று அர்த்தம். 1895-ல் ஆலிவரும் ஷேஃபரும் பிட்யூட்டரிச் சாற்றை விலங்குகளுக்குச் செலுத்தியபோது முதலில் கண்ணில் பட்டது ரத்த அழுத்தம் ஏறியதுதான். அதையே பெயராக்கிவிட்டார்கள். அதே சாறு நீரிழப்பையும் நிறுத்துகிறது என்று தெரிய 1913 ஆயிற்று. ஒரே ஹார்மோன், இரண்டு வேலை. இந்த இரட்டை வேலைதான் நமது கதையின் சிக்கல். தம்பி மாதிரி ஒருவனுக்கு நீரை நிறுத்த அந்தச் சாற்றைக் கொடுத்தால் ரத்தக்குழாயும் சேர்ந்து இறுகும், முகம் வெளிறும், வயிறு முறுக்கும். அது மட்டுமா, உடம்பில் அதன் அரை ஆயுள் பத்து இருபது நிமிஷம்தான். ஒரு காலத்தில் மாடு பன்றிகளின் பிட்யூட்டரியைக் காயவைத்துப் பொடியாக்கி மூக்குப்பொடி மாதிரி உறிஞ்சச் சொன்னார்கள். மூக்குப் புண்ணாகும், ஒவ்வாமை வரும். வேறு வழியில்லாமல் உறிஞ்சினார்கள்.

கேள்வி இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். ஒன்பது மணிகளில் எந்த மணி எந்த வேலையைச் செய்கிறது?

கேட்க எளிது. ஒவ்வொரு இடத்திலும் 20 அமினோ அமிலங்களில் ஒன்றை வைக்கலாம் என்றால் மொத்தம் எத்தனை மாலை கோர்க்கலாம்? 20-ஐ ஒன்பது முறை பெருக்குங்கள்: 51,200 கோடி. எல்லாவற்றையும் செய்து பார்க்க முடியாது. அதனால் கோடிங்கில் நாம் பிழை தேடுகிற மாதிரிதான் தேட வேண்டியிருந்தது: ஒரு வரியை மாற்று, ஓட்டு, என்ன கெட்டது என்று பார். கெட்டால் அந்த வரி முக்கியம். ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த வரி சும்மா உட்கார்ந்திருக்கிறது. நல்லதாக ஆனால்? அது அபூர்வமாக நடக்கும். நடக்கும்போது நிமிர்ந்து உட்கார வேண்டும்.

இந்த ஆட்டத்தைத் தொடங்கி வைத்தவர் நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் இருந்த வின்சென்ட் டு வின்யோ. 1953-ல் ஆக்சிடோசினைச் சோதனைச்சாலையிலேயே கட்டி முடித்தார். ஒரு பெப்டைடு ஹார்மோனை மனிதர்கள் முழுதாகச் செய்தது அதுதான் முதல்முறை. 1955-ல் நோபல் பரிசு. ஆக்சிடோசின் பிரசவத்தின்போது கருப்பையைச் சுருங்க வைக்கும், தாய்ப்பால் சுரந்து வர உதவும். வாசோபிரசின் நீரைக் காக்கும். வேலையில் இவ்வளவு வித்தியாசம், அமைப்பில் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். இரண்டுமே ஒன்பது மணி. முதல் மணியும் ஆறாவது மணியும் கந்தகத்தால் கை கோத்து ஒரு வளையம், மீதி மூன்று மணி ஒரு வால். மூன்றாவது இடத்திலும் எட்டாவது இடத்திலும் மட்டும்தான் வேறுபாடு.

எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இதற்குப் பிறகு வருகிறது. ஆக்சிடோசினின் வளையத்தையும் வாசோபிரசினின் வாலையும் ஒட்டினால் என்ன ஆகும் என்று கட்சோயானிஸும் டு வின்யோவும் பார்த்தார்கள். 1958-ல் அப்படி ஒரு கலப்பினத்தைச் செய்து வாசோடோசின் என்று பெயரும் வைத்தார்கள். உலகத்தில் இல்லாத பொருள், ஒரு கேள்விக்காகச் செய்தது. கொஞ்ச காலத்திலேயே கோழியிலும் தவளையிலும் மீனிலும் தேடியவர்களுக்கு அதே மூலக்கூறு கிடைத்தது! நாம் கற்பனையில் செய்ததை அவை பல கோடி வருஷமாக உடம்பில் வைத்திருந்தன. நம்முடைய இரண்டு ஹார்மோன்களுக்கும் பாட்டி முறை அது.

நிற்க. நான் இதையெல்லாம் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. மூன்றாம் ஆண்டில் எங்கள் மேடம் பெப்டைடு பாடம் நடத்தும்போது பலகையில் ஒன்பது வட்டம் போட்டார். பக்கத்தில் ஒரு அட்டவணை. ஒவ்வொரு வரியிலும் ஒரு மாற்றம். எதிரே இரண்டு எண்கள், ஒன்று ரத்த அழுத்தத்துக்கு, ஒன்று நீரைக் காப்பதற்கு. இரண்டும் எலியில் அளந்தவை. கடைசி வரியில் ஒரு நீளமான பெயர் இருந்தது: 1-டீஅமினோ-8-டி-ஆர்ஜினின் வாசோபிரசின். கீழே அடைப்புக்குறிக்குள் டெஸ்மோபிரசின். அது எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிற அட்டையின் பெயர். ஏழு வருஷமாக மருந்துக் கடையில் எழுத்துக்கூட்டிச் சொல்கிற பெயர். பலகையில் அதைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நான் எழுதுவதையே நிறுத்திவிட்டேன். அந்தப் பெயரே ஒரு செய்முறை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் மணியில் ஒரு மாற்றம், எட்டாவது மணியில் ஒரு மாற்றம். அவ்ளோதான்.

முதல் மாற்றம். மாலையின் முதல் மணியில் ஒரு அமைன் குழு நீட்டிக்கொண்டிருக்கும், ஒரு நைட்ரஜனும் இரண்டு ஹைட்ரஜனும். இது இல்லாவிட்டால் ஹார்மோன் வேலை செய்யுமா என்று டு வின்யோவின் குழு கேட்டது. 1960-ல் அது இல்லாத ஆக்சிடோசினைச் செய்தார்கள். வீரியம் குறையும் என்றுதானே நீங்களும் நினைப்பீர்கள்? ஏறியது. சில வருஷத்தில் வாசோபிரசினிலும் அதையே செய்தார்கள். நீரைக் காக்கும் திறன் கூடியது. பெப்டைடுகளை முனையிலிருந்து ஒவ்வொரு மணியாக உருவுகிற நொதிகளுக்குப் பிடி அந்த அமைன் குழுதான். பிடி இல்லை, உருவ முடியாது. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடி இப்படி ஒரு நொதியைச் சுரந்து தாயின் வாசோபிரசினை வெட்டித் தள்ளுவதும் உண்டு. அந்தத் தாய்மார்களுக்கு வரும் நீரிழப்புக்கும் டெஸ்மோபிரசினே மருந்து, ஏனென்றால் அந்த நொதியால் அதைத் தொட முடியாது.

இரண்டாவது மாற்றம் இன்னும் அழகு. அமினோ அமிலங்களுக்கு வலது, இடது உண்டு, செருப்பு மாதிரி. உயிர்கள் தங்கள் புரதங்களைக் கட்ட ஒரு கால் செருப்பையே பயன்படுத்துகின்றன. எட்டாவது மணியான ஆர்ஜினினுக்குப் பதில் அதன் கண்ணாடிப் பிம்பத்தை, மறுகால் செருப்பை வைத்தார்கள். அணுக்கள் அதே, எண்ணிக்கை அதே, தராசில் வைத்தால் துளி வித்தியாசம் கிடையாது. ஆனால் ரத்தக்குழாயில் இருக்கும் ஏற்பி கறாரான ஆள். கால் மாறினால் உள்ளே விடாது. சிறுநீரகத்தின் ஏற்பி கண்டுகொள்வதில்லை. கூடவே, ஆர்ஜினினுக்குப் பக்கத்தில் வெட்டுகிற நொதிகளுக்கும் இந்த மறுகால் செருப்பு பிடிபடுவதில்லை.

இரண்டையும் ஒரே மாலையில் சேர்த்துக் கோத்தவர்கள் பிராக் நகரத்தில் இருந்தார்கள். செக்கோஸ்லோவாக் அறிவியல் அகாதமியின் கரிம வேதியியல், உயிர்வேதியியல் நிறுவனம். 1967-ல் மிலான் ஸாவோரலும் அவருடைய சகாக்களும் செய்தார்கள். இயற்கை வாசோபிரசினின் மூலக்கூறு எடை 1084, இவர்கள் செய்ததன் எடை 1069. பதினைந்துதான் குறைவு. ஆனால் நீரைக் காக்கும் வேலைக்கும் அழுத்தம் ஏற்றும் வேலைக்கும் இடையே ஒன்றுக்கு ஒன்று என்றிருந்த விகிதம் ஆயிரக்கணக்கில் போய்விட்டது. 1968-ல் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவு லான்செட் இதழில் வந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் பிராக் தெருக்களில் சோவியத் டாங்கிகள். அந்த ஊரில் பெப்டைடு ஆராய்ச்சியை வளர்த்த யோசெஃப் ரூடிங்கர் நாட்டை விட்டு சூரிக் போனார். மருந்தாக்கிச் சந்தைக்குக் கொண்டு வந்தது ஸ்வீடன் நாட்டு நிறுவனம் ஃபெரிங்.

இதில் என்னை அசர வைப்பது, இவர்கள் யாரும் அந்த ஏற்பியைக் கண்ணால் பார்த்தது இல்லை. சிறுநீரக ஏற்பியின் மரபணு கிடைத்ததே 1992-ல். ஹார்மோன் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் படம் கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தெரிந்தது 2021-ல். 54 வருஷம் முன்னாலேயே, இருட்டில் பூட்டைத் தடவித் தடவிச் சாவி அராவியிருக்கிறார்கள். இன்றைக்கு நாம் டாக்கிங் மென்பொருளை ஓட்டிவிட்டு ஒரு வண்ணப் படம் வந்ததும் ப்ராஜெக்ட் முடிந்தது என்கிறோம். எனக்கும் அந்தப் படங்கள் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்த அட்டவணையின் ஒவ்வொரு வரியும் யாரோ ஒருவர் மாதக்கணக்கில் நின்று செய்து, எலியில் அளந்து எழுதியது. அதில் பெரும்பாலான வரிகள் எதற்கும் உதவாத மூலக்கூறுகள். அவை இல்லாவிட்டால் எட்டாவது மணியின் அருமை யாருக்கும் தெரிந்திருக்காது.

செய்வது எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். போன டிசம்பரில் ஒரு ஆய்வகத்தில் மூன்று வாரம் பயிற்சிக்குப் போனேன். 1963-ல் மெரிஃபீல்டு கண்டுபிடித்த திண்ம முறைதான் இப்போது எங்கும். மணல் மாதிரி சின்னச் சின்னப் பிசின் உருண்டைகளில் கடைசி மணியை ஒட்டிவிட்டு, வாலிலிருந்து தலைக்கு ஒவ்வொன்றாகச் சேர்ப்பது. ஒவ்வொரு மணிக்குப் பிறகும் நாலைந்து உருண்டையை எடுத்து நின்ஹைட்ரின் விட்டுச் சூடு பண்ணுவோம். நீலமானால் இன்னும் ஒட்டாத முனைகள் இருக்கின்றன, திரும்பச் செய். மஞ்சளாகவே இருந்தால் அடுத்த மணிக்குப் போ. பிப்பெரிடின் நாற்றம் இருக்கிறதே, விடுதிக்கு வந்து குளித்தாலும் போகாது.

ஏன் இவ்வளவு கெடுபிடி? கணக்குப் போட்டுப் பாருங்க. ஒன்பது மணிக்கு எட்டு இணைப்பு. ஒவ்வொன்றும் 99 சதவீதம் சரியாக ஒட்டினால் கடைசியில் 92 சதவீதம் மாலை தேறும். 95 என்றால் 66 தான். அதே 95-ல் ஐம்பது மணி மாலை கோர்த்தால் தேறுவது எட்டு சதவீதம். தேர்வில் 95 வாங்கினால் வீட்டில் லட்டு, இங்கே 95 வாங்கினால் குப்பைத்தொட்டி. கடைசியில் இரண்டு கந்தகத்தையும் சேர்த்து வளையமாக்க வேண்டும். அதற்கு நிறையக் கரைப்பானில் மிகக் கொஞ்சமாகப் போட்டுக் கரைப்பார்கள். நெருக்கமாக இருந்தால் ஒரு மாலை பக்கத்து மாலையோடு பிணைந்துவிடும்; விலகியிருந்தால்தான் தன் முனையைத் தானே தேடிப் பிடிக்கும்.

இதே ஒன்பது மணியை வேறு பக்கமாகத் திருப்பியவர்களும் உண்டு. டெர்லிபிரசின் என்று ஒன்று, அதுவும் பிராகில் பிறந்ததுதான். இங்கே நொதியைத் தடுக்கவில்லை, வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். ஹார்மோனின் தலையில் மூன்று கிளைசின் மணிகளைக் கூடுதலாகக் கோத்துவிட்டார்கள். உடம்பின் நொதிகள் அவற்றை ஒவ்வொன்றாகக் கடித்து எடுக்க எடுக்க, உள்ளே இருக்கும் ஹார்மோன் மெதுவாக வெளியே வருகிறது. கல்லீரல் கெட்டு ரத்த வாந்தி எடுக்கிறவர்களுக்குக் கொடுக்கிறார்கள். அங்கே வேண்டியது ரத்தக்குழாய் இறுக்கும் வேலை. தம்பிக்கு எது தொந்தரவோ அது அவர்களுக்கு உயிர். பல் டாக்டர்களின் மரத்துப்போகும் ஊசி சிலவற்றில் கலக்கும் ஃபெலிபிரசினும் இதே குடும்பம்தான். இன்னொன்று யாரும் திட்டமே போடாதது: டெஸ்மோபிரசின் ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணியை உயர்த்துகிறது என்பதால், லேசான ஹீமோஃபிலியா உள்ளவர்களுக்கு அறுவை சிகிச்சையின்போது பயன்படுத்தலாம் என்று 1977-ல் இத்தாலியில் மன்னூச்சி காட்டினார்.

இப்போது மருத்துவமனைக்கு வருகிறேன். இந்த நோயை உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. மணிக்கு ஒரு தரம் எடை பார்ப்பார்கள், சிறுநீரின் அடர்த்தி பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள். எடை ஒரு அளவுக்கு மேல் இறங்கினால் நிறுத்திவிடுவார்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்கினார்கள். பத்து மணிக்குள் தம்பிக்கு உதடு வெடித்துவிட்டது. "ஒரே ஒரு வாய் அக்கா, டாக்டர்ட்ட சொல்லமாட்டேன்" என்றான். குளியலறைக் குழாயைத் திறந்துவிடுவான் என்று அம்மா அந்தக் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அவ்வளவு காய்ந்தும் சிறுநீர் மட்டும் தெளிந்த தண்ணீராகப் போய்க்கொண்டே இருந்தது. மதியம் நர்ஸ் வந்து மூக்கில் சொட்டு மருந்து விட்டார். அதுதான் ஸாவோரலின் மூலக்கூறு என்று அப்போது எனக்குத் தெரியாது. குடிக்கக் கொஞ்சமாகக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவன் கழிவறைக்குப் போகவேயில்லை. சாயந்திரம் போனபோது மஞ்சளாகப் போனான். அம்மா அந்தக் கண்ணாடிக் குவளையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றார். அன்றிரவு எட்டு மாதத்தில் முதல்முறையாக விடியும் வரைக்கும் தூங்கினான்.

சரி, இ.இ.இ. நண்பர்களே, உங்களுக்கு வாக்குக் கொடுத்த இடம் வந்துவிட்டது.

ஹார்மோனின் அரை ஆயுள் பத்து இருபது நிமிஷம் என்று சொன்னேன். மருந்து கண்டுபிடிக்கிற பார்வையில் அது ஒரு குறை. ஆனால் உங்க கன்ட்ரோல் சிஸ்டம் நோட்டை எடுத்துப் பாருங்கள். உடம்பில் உப்பின் அடர்த்தி ஒரு சதவீதம் ஏறினாலே மூளை மோப்பம் பிடித்து வாசோபிரசினை விடுகிறது. நீங்கள் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டால் உடனே சுரப்பை நிறுத்துகிறது. நிறுத்தினால் போதுமா? ஏற்கெனவே ரத்தத்தில் இருப்பது சீக்கிரம் அழிய வேண்டும், இல்லாவிட்டால் கதவு திறந்தே கிடக்கும். அந்தச் சின்ன அரை ஆயுள் இருப்பதால்தான் பின்னூட்டமே வேலை செய்கிறது. நொதி வெட்டுவது ஹார்மோனை வீணாக்குவதற்கு இல்லை, சுவிட்சை அணைப்பதற்கு.

நாம் என்ன செய்தோம்? அந்த நொதியின் கையைத் தட்டிவிட்டோம். மருந்து எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் நிற்கிறது. தம்பி இரவில் தூங்குகிறான். ஆனால் அந்தப் பத்து மணி நேரத்தில் அவன் எவ்வளவு குடித்தாலும் கதவு திறந்தேதான் இருக்கும், நீர் உள்ளே தங்கிக்கொண்டே போகும். என் அறைத்தோழி இ.இ.இ., இதைக் கேட்டுவிட்டு ஒரே வார்த்தையில் சொன்னாள்: "ஓப்பன் லூப்." ரத்தத்தில் சோடியம் இறங்கும், தலை வலிக்கும், வாந்தி வரும், மோசமானால் வலிப்பு. குழந்தைகள் படுக்கையை நனைப்பதற்கு இந்த மருந்தின் மூக்கு ஸ்பிரேயைக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2007-ல் சொன்னது இதனால்தான்.

அதனால் தம்பிக்கு அவனுடைய டாக்டர் ஒரு வழக்கம் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அடுத்த மாத்திரையை அவசரப்பட்டுப் போடக் கூடாது. முந்தையதன் பிடி தளர்ந்து, ஒரு தடவை தாராளமாக நீர் இறங்கட்டும், பிறகு போடு. ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் அவன் வேண்டுமென்றே தாமதம் செய்வான். வாசலில் உட்கார்ந்து கிரிக்கெட் பேசிக்கொண்டிருப்பான், திடீரென்று எழுந்து ஓடுவான், திரும்பி வந்து "லூப்பை மூடியாச்சு" என்பான். மூளையின் அந்த உணரி செய்ய வேண்டிய வேலையைப் பதினைந்து வயசுப் பையன் கையால் செய்துகொண்டிருக்கிறான். அவனிடம் மிச்சம் இருக்கும் ஒரே உணரி தாகம். தாகம் எடுத்தால் குடி, எடுக்காவிட்டால் யார் வற்புறுத்தினாலும் குடிக்காதே.

இன்னும் தீராத ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன், உங்களில் யாராவது எடுத்துச் செய்யலாம். இதே மருந்து ஊசியில் ஒன்றிரண்டு மைக்ரோகிராம் போதும். மூக்கு வழியாக என்றால் பத்து இருபது. மாத்திரையாக என்றால் நூறு, இருநூறு. அதாவது அவன் விழுங்குவதில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்துக்குப் போய்ச் சேருவதில்லை. சாப்பாட்டோடு போட்டால் அதுவும் குறையும். முதல் மணியையும் எட்டாவது மணியையும் சரி செய்தோம், குடலின் சுவரை இன்னும் ஏமாற்றத் தெரியவில்லை.

வருகிற ஜூனில் தம்பி ப்ளஸ் ஒன் சேர்ந்து விடுதிக்குப் போகிறான். அம்மாவுக்கு இப்போதே தூக்கம் போய்விட்டது, அதில் நியாயம் இருக்கிறது. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனையில் இந்த நோய் உள்ள ஒரு இளைஞர் தாகத்தாலேயே இறந்து போனார். அவருக்கு வேண்டிய மருந்து என்னவென்று உலகத்துக்குத் தெரிந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது. பெயர்க் குழப்பமும் ஆபத்துதான் என்று 2022-ல் ஹார்மோன் மருத்துவர்களின் சங்கங்கள் கூடி டயாபடீஸ் இன்சிபிடஸ் என்ற பெயரையே மாற்றச் சொன்னார்கள். புதுப் பெயர், வாசோபிரசின் பற்றாக்குறை. நல்ல பெயர். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்து வார்டனிடம் அதைச் சொல்லிப் புரிய வைக்க முடியுமா?

அதனால் நானே ஒரு தாள் எழுதினேன், அவன் பெட்டியின் மூடியில் உள்பக்கம் ஒட்டுவதற்கு, வார்டனிடம் ஒரு நகல். மருந்தின் பெயர், நேரம், டாக்டரின் எண், தலைவலி வாந்தி வந்தால் என்ன செய்வது. முதல் வரியாக, இவனுக்கு இருப்பது சர்க்கரை நோய் இல்லை என்று எழுதியிருந்தேன். தம்பி வாங்கிப் படித்துவிட்டுப் பேனாவை எடுத்து அதற்கு மேலே இன்னொரு வரி சேர்த்தான்: "தண்ணி கேட்டா உடனே குடுங்க, கேக்காதப்போ குடிக்கச் சொல்லாதீங்க." அப்புறம் கொஞ்சம் யோசித்து, அடியில், "அதிரசம் எப்ப வேணா குடுக்கலாம்."